குதிரைக் கணக்கு

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்
நான்தான் எழுதினேன்:
பதினெட்டரை அடி, பழசு, விற்றால் இவ்வளவு.
இருபத்துமூன்று அடி, வாங்கினால் இவ்வளவு.
இரண்டுக்கும் நடுவில் கிடந்த பள்ளத்தில்
என் காப்புச் சோடியும் பதக்கமும்
ஒரு லீசிங் கொம்பனியும்.

கோணாமலை கணக்கைப் பார்க்கவில்லை.
அவர் பார்த்தது குதிரையை.
"நாற்பது பூட்டுவம்" என்றார்.
"மற்றவன் கரைக்கு வர முதல்
சூரை ஏலத்தில நிப்பம்."
திருக்கடலூர் மணலில் அவர் நடந்த நடையில்
இப்போதே கடிவாளம் இருந்தது.

நாற்பது குதிரைக்கும்
ஆர் புல்லு வெட்டிறது என்றேன்.
மண்ணெண்ணெய் வரிசையில்
கானுக்குப் பக்கத்தில்
இரண்டு இரவு படுத்தவள் நான்.
குதிரை என்ன தின்னும் என்று
எனக்குச் சொல்லத் தேவையில்லை.

கிண்ணியாவில் ஜௌபரின் பட்டறை.
கிரீஸ் படிந்த விரலால்
காற்றில் ஒரு கோடு கீறிக் கேட்டார்:
"பின்பலகை எத்தனை அங்குலம்?"
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
நீளம் தெரியும், விலை தெரியும்,
நிறம்கூடத் தெரியும்.
"கால் குட்டையான எஞ்சினை
உயர்ந்த போட்டில மாட்டினா
அலை தூக்கிற நேரம்
விசிறி காத்தைத்தான் குடிக்கும்.
சத்தம் மட்டும் வரும், போட் போகாது."
எனக்கு என் தம்பியின் ஞாபகம் வந்தது.
வாய் திறக்கவில்லை.

"வெறும் போட்டில எல்லாம் பறக்கும் தங்கச்சி"
என்று சொல்லி
ஐந்து மூட்டை மணல் ஏற்றினார்,
ஐஸ் பெட்டி,
நனைந்த வலை இரண்டு.
கொட்டியாறு குடா அன்று
தட்டில் ஊற்றிய கஞ்சி போல.
நாற்பது எழும்பிப் பாய்ந்தது.
கோணாமலையின் சாரம் படபடத்தது,
பல்லெல்லாம் தெரிந்தது.
அவருக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது.
இருபத்தைந்து பூட்டி ஓடியபோது
மூக்கைத் தூக்க நேரமெடுத்தது,
வயிறு நிறைந்த பசு எழும்புவதுபோல.
ஆனால் எழும்பியது.
கரையில் ஜௌபர் இரண்டு கானையும்
தூக்கி ஆட்டிக் காட்டினார்.
ஒன்று களக்களக் என்றது.
மற்றது ஒன்றும் சொல்லவில்லை.

திருகோணமலை பஸ் நிலையத்தில்
சண்டை பிடித்துக்கொண்டு நின்றோம்.
வட்டி என்றேன், வேகம் என்றார்.
வட்டி என்றேன்.
கையில் பிடித்திருந்த தாளை
பின்னால் வந்த மான் ஒன்று
மெதுவாக இழுத்துத் தின்றுவிட்டது.
காப்பு, பதக்கம், பதினெட்டு மாதத் தவணை,
எல்லாம் மென்றது.
என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது.
அவர் துரத்தினார். நான் சிரித்தேன்.
பிறகு சிரிப்பு நின்றது.

தாளில் எழுதாத ஒரு எண்
மானுக்குக் கிடைக்காமல் என்னிடம் இருந்தது.
பதினொன்று.
போன ஐப்பசி, வெளிச்சவீட்டுக்கு அங்கால்
எஞ்சின் நின்ற இரவின் மணித்தியாலங்கள்.
மூதூர்க்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.
"சும்மா மிதந்தனான்" என்றார்
முகம் கழுவிக்கொண்டே.
நான் மணலில் நின்றதை
அவர் கேட்கவுமில்லை,
நான் சொல்லவுமில்லை.
பஸ் நிலையத்தில் சொன்னேன்.
ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது.

இருபத்தைந்து எடுத்தோம். நீட்டுக் கால்.
மிச்சக் காசில்
பெயின்ற் உரிந்த எட்டுக் குதிரை ஒன்று,
பக்கத்தில் தொங்க.
"உது என்னத்துக்கு?" என்றார் ஜௌபரின் மகன்.
"அது எனக்கு" என்றேன்.

கடலில் இன்னும் அதை இயக்க நேரவில்லை.
ஆனால் சனிக்கிழமை தோறும்
தண்ணீர் பீப்பாவுக்குள் அதன் காலை இறக்கி
கோணாமலை கயிறு இழுக்கவேண்டும்.
முணுமுணுப்பார்.
அது இருமும், புகையும்,
இன்னொரு தரம் இருமும்,
பிறகு ஓடும்.
ஐந்து நிமிடம் நின்று கேட்பேன்.

அதற்குப் பிறகுதான் சோறு.